பிரேம்சந்த் ராய்சந்த்: ஏற்றமும் இறக்கமும்

புதிதாக டீமேட் கணக்கு தொடங்கியிருக்கும் நம் குடியிருப்பு அன்பர்களுக்காக, ஒரு பழைய பம்பாய்க்காரரின் கதை.

சூரத்தில் 1831-ல் பிறந்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். பம்பாயில் ஆங்கிலம் படித்து, இளம் வயதிலேயே பங்குத் தரகரானார்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு போவது தடைப்பட, பம்பாய்ப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. ஊரில் பணம் கொட்டியது. புதுப்புது வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் முளைத்தன. பேக் பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு சுமார் 50,000 வரை போனது. பிரேம்சந்த் தொட்டால் விலை ஏறும் என்று எல்லோரும் நம்பினார்கள். வங்கிகள் பங்கையே ஈடாக வைத்துக் கடன் கொடுத்தன. அந்தக் கடனில் மேலும் பங்கு வாங்கினார்கள்.

1865-ல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. 2,850 ரூபாய் விற்ற பாங்க் ஆஃப் பம்பாய் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது. பல குடும்பங்களோடு பிரேம்சந்தும் நொடித்துப் போனார்.

ஆனாலும் தொழிலை விடவில்லை. 1875-ல் உருவான தரகர் சங்கத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அதுவே இன்றைய மும்பை பங்குச் சந்தை. 1906-ல் காலமானார்.

நல்ல காலத்தில் அவர் அளித்த நன்கொடையில் எழுந்த, தாயார் பெயர் தாங்கிய ராஜாபாய் கோபுரம் இன்றும் நிற்கிறது.

நமக்கான பாடம்: கடன் வாங்கிப் பங்கு வாங்க வேண்டாம். விலை ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் பணம் போட வேண்டாம்.