காடு காத்த பறவையறிஞர்

முல்லைக்கொடி பற்றிப் படரக் கொம்பின்றித் துவளக் கண்டு தன் தேரையே ஈந்தவன் பாரி. குளிரால் நடுங்கியதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை அளித்தவன் பேகன். வாய்பேசா உயிர்களின் குறையைத் தம் குறையாகக் கருதிய அவ்வள்ளல்களைத் தமிழுலகம் இன்றும் போற்றுகின்றது. அத்தகைய நெஞ்சமுடையார் ஒருவர் சென்ற நூற்றாண்டில் நம் நாட்டில் வாழ்ந்தார். ஒரு சிட்டின் வழியாகப் பறவைகளை அறிந்தார். பறவைகளின் வழியாகக் காட்டை அறிந்தார். முதுமையில் அக்காட்டின் பொருட்டு வாதாடினார். அவரே பறவையியல் அறிஞர் சலீம் அலி ஆவார்.

பிறப்பும் இளமையும்

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். பெற்றோர்க்கு அவர் பத்தாம் குழந்தை. ஓராண்டு நிரம்பியபோது தந்தையையும், மூன்றாண்டு நிரம்பியபோது தாயையும் இழந்தார். தாய்மாமனாகிய அமிருத்தீன் தையப்ஜி என்பார் அவரை அன்போடு வளர்த்தார்.

ஏறத்தாழப் பத்து வயதில், விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் தீட்டியதுபோல் ஒரு புள்ளி இருந்தது. இஃது எவ்வகைக் குருவி என்று மாமனிடம் வினவினார். மாமன் அதனை அறியார். ஆயினும் சிறுவனின் வினாவைப் புறக்கணியாது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அவரை அனுப்பினார். அக்கழகச் செயலாளர் மில்லார்டு என்பவர் அஃது மஞ்சள்தொண்டைச் சிட்டு என விளக்கி, அங்குப் பாடஞ்செய்து வைத்திருந்த எண்ணற்ற பறவைகளையும் காட்டினார். அன்று பிறந்த ஆர்வம் அவர் வாழ்நாள் முழுதும் தணியவில்லை.

வறுமையும் விடாமுயற்சியும்

உயிர் வாழ்தற்பொருட்டு அவர் பர்மா சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலைக் கவனித்தார். அங்கும் காடுகளே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1926-ஆம் ஆண்டு பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி கிடைத்தது. பறவையியலை முறையாகக் கற்க விரும்பிச் செருமனி சென்று, பெர்லின் நகரில் பேராசிரியர் ஸ்திரேசமன் என்பாரிடம் பயின்றார். நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவர் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையின்றி வாடிய அக்காலத்தையும் அவர் வீணாக்கினாரல்லர். கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்து நிற்கப் பெண்குருவி வந்து ஆராய்ந்து, உவந்தால் மட்டுமே அதனை ஏற்கும் என்பதைக் கண்டறிந்து எழுதினார். பின்னர் ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி முதலிய நாட்டரசுகளின் துணையோடு காடு மலைகளில் அலைந்து பறவைகளைக் கணக்கெடுத்தார். 1939-ஆம் ஆண்டு அருமை மனைவியார் தெகுமினாவை இழந்த துயரிலும் அவர் பணி நிற்கவில்லை. 1941-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பெரும்புகழ் பெற்றது. சிறையிலிருந்த நேரு அந்நூலைத் தம் மகள் இந்திராவுக்கு அனுப்பினார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அமைதிப் பள்ளத்தாக்கு

நீலகிரி மலைத்தொடரின் மேல்பாலில், கேரள மாநிலப் பாலக்காட்டு மாவட்டத்தில், அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் மழைக்காடு உள்ளது. சைரந்திரி வனம் என்பது அதன் பழம்பெயர். விராடன் அரண்மனையில் மறைந்துறைந்த பாஞ்சாலி பூண்ட பெயர் அது. அக்காட்டின் நடுவே ஓடும் ஆறும் குந்தியின் பெயரையே தாங்கியுள்ளது. அதனையடுத்த அட்டப்பாடி மலைகளில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர்.

கதிரொளி புகாவண்ணம் கிளையோடு கிளை பின்னிய அம்மரக்கூட்டத்தில் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு வாழ்கின்றது. அது பெரும்பாலும் மண்ணில் இறங்குவதில்லை; மரம்விட்டு மரம் தாவியே உணவு தேடும். ஆகவே காடு இடையறுமாயின் அதன் வாழ்வும் அறும்.

அணைத்திட்டமும் எதிர்ப்பும்

குந்திப்புழையின் குறுக்கே பேரணை கட்டி, 120 மெகாவாட் மின்னாற்றல் பெறக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. 1973-ஆம் ஆண்டு திட்டக்குழுவும் அதற்கு இசைந்தது. மலபார்ப் பகுதி தொழில்வளம் குன்றி இருந்தது. விளக்கும் தொழிலும் பாசனமும் வேண்டிய மக்களின் விருப்பத்தைக் குறைகூற இயலாது. ஆயின் அணை எழுந்தால் ஏறத்தாழ 830 எக்டர் காடு நீரில் மூழ்கும். அது காட்டின் சிறுபகுதியே எனத் திட்டத்தை ஆதரித்தோர் கூறினர். ஆற்றோரக் காடே அதன் இதயம் என்றும், பாதையும் குடியிருப்பும் பெருகின் எஞ்சியதும் சிதையும் என்றும் எதிர்த்தோர் விடையிறுத்தனர்.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கத்தார் ஊர்தோறும் சென்று உண்மையை விளக்கினர். மின்தேவையை வேறு வழிகளில் நிறைவுசெய்யலாம் எனக் கணக்கிட்டுக் காட்டினர். கவிஞர் சுகதகுமாரி முதலியோர் எழுத்தால் மக்களை எழுப்பினர். கும்பகோணத்திற் பிறந்த வேளாண் அறிஞர் ம. சா. சுவாமிநாதன் 1979-ஆம் ஆண்டு அக்காட்டைக் காக்குமாறு அறிக்கை அளித்தார்.

எண்பது வயதைக் கடந்த சலீம் அலியும் வாளாவிருக்கவில்லை. இளமையில் திருவிதாங்கூர், கொச்சிக் காடுகளை நடந்தே ஆராய்ந்தவர் அவர். அப்பள்ளத்தாக்கை நேரிற் கண்டு, திட்டத்தைக் கைவிடுமாறு அரசை வேண்டினார். வாழ்நாளெல்லாம் அவர் திரட்டிய அறிவு அவருடைய சொல்லுக்கு வலிமை தந்தது. அன்று நாட்டின் தலைமை அமைச்சராய் விளங்கியவர், சிறையிலிருந்து தந்தை அனுப்பிய பறவை நூலைப் பெற்ற இந்திரா காந்தியே ஆவார். அறிஞர் மேனன் தலைமையிலான குழு சிக்கலை ஆராய்ந்தபின், 1983-ஆம் ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. 1984-ஆம் ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவ்வெற்றி பிறர்க்கும் வழிகாட்டியது. பின்னாளில் சாலக்குடி ஆற்றில் அதிரப்பள்ளி அணைத்திட்டம் எழுந்தபோது, அங்குள்ள காடர் என்னும் பழங்குடியினர் தாமே முன்னின்று எதிர்த்தனர்.

புகழும் மறைவும்

சலீம் அலிக்கு 1958-ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும், 1976-ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருதும் வழங்கப்பட்டன. பரிசாக வந்த பெரும்பொருளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது இயற்கைப் பாதுகாப்புக்கே அளித்தார். 1985-ஆம் ஆண்டு மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். 1987-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். 1990-ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு பறவையியல் ஆய்வு மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அமைந்தது. அவ்வூருக்கு அப்பால் தொடங்குவது அட்டப்பாடியே.

நாம் கொள்ளத்தக்கது

அணைகள் யாவும் தீயன என்று கருதுதல் பிழை. ஆண்டிமடத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் மக்கள் கைத்திறனால் ஆனதே. நம் அரியலூர் மாவட்டக் கரைவெட்டி ஏரியும் மேட்டூர் அணையின் நீரைக் கால்வாய் வழியாகப் பெறுவது. அங்கு இமயத்திற்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024-ஆம் ஆண்டு அவ்வேரி உலகளவில் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஏரியை வெட்ட மனிதனால் இயலும். பல்லூழிகளாய் வளர்ந்த மழைக்காட்டை ஆக்க எவராலும் இயலாது. ஆக்க இயலாததை அழிக்குமுன் ஆராய்தல் வேண்டும் என்பதே சலீம் அலியின் வாழ்வு உணர்த்தும் அறமாகும்.

மாணவர்களே, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் கரைவெட்டிக்குச் செல்லுங்கள். பெயர் தெரியாத பறவையைக் கண்டால் அதன் பெயரை வினவுங்கள். ஒரு சிறுவனின் அத்தகைய வினாவே பின்னாளில் ஒரு பெருங்காட்டிற்குத் துணையாயிற்று.