விளக்கேந்திய கையில் கணக்கேடு

செவிலியர் கல்லூரிகளில் நடைபெறும் விளக்கேற்றும் விழாவைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். சீருடை அணிந்த முதலாண்டு மாணவியர் வரிசையாக நின்று, தத்தம் விளக்கை ஏற்றிக்கொண்டு, நைட்டிங்கேலின் பெயரால் உறுதிமொழி ஏற்கின்றனர். பெற்றோரின் கண்கள் கலங்குகின்றன. ஆனால், அந்த உறுதிமொழியை எழுதியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அல்லர் என்பது பலரும் அறியாத செய்தி. அது 1893-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு உருவாக்கியது. நைட்டிங்கேலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது, அவ்வளவே.

விளக்கேந்திய மங்கை என்ற சித்திரம் அவரது புகழை வளர்த்தது. அதே சித்திரம் அவர் உண்மையில் செய்த பணியை மறைத்தும்விட்டது. கனிவு மட்டும் இருந்தால் நோயாளர் பிழைத்துவிடுவார் என்று அவர் ஒருபோதும் கருதியதில்லை. அந்தப் பாடத்தை அவர் கற்றுக்கொண்ட விதம் மிகவும் கசப்பானது.

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வச் செழிப்பு மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. தந்தை தம் மகள்கள் இருவருக்கும் கிரேக்கம், லத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றை வீட்டிலேயே கற்பித்தார். இளையவளான பிளாரன்ஸுக்குக் கணிதத்தின் மீது தனி ஈடுபாடு. 17-ஆவது வயதில் இறைவன் தம்மைப் பணிக்கு அழைத்ததாக உணர்ந்தார். அந்தப் பணி நோயாளரைப் பேணுவதுதான் என்று தெளிவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

1845-இல் மருத்துவமனையில் பயிற்சி பெற விரும்புவதாக அவர் கூறியபோது வீடே அதிர்ந்தது. அன்றைய இங்கிலாந்தில் செவிலியர் வேலை என்பது வேறு வழியற்ற ஏழைப் பெண்களின் பிழைப்பு. குடிப்பழக்கமும் ஒழுங்கீனமும் அதனோடு சேர்த்தே பேசப்பட்டன. சார்லஸ் டிக்கன்ஸ் தம் நாவலொன்றில் படைத்த சேரி கேம்ப் என்ற குடிகாரச் செவிலி, அக்காலத்தவர் மனத்தில் இருந்த உருவம்தான். குடும்பம் தடுத்தது, நைட்டிங்கேல் காத்திருந்தார். தம்மை மணக்க விரும்பிய ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் என்னும் கவிஞரையும் மறுத்தார். விடியற்காலையில் எழுந்து மருத்துவமனை அறிக்கைகளை இரகசியமாகப் படித்துக் குறிப்பெடுத்தார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் மூன்று மாதப் பயிற்சி பெறும் வாய்ப்பு ஒருவழியாகக் கிட்டியது. 1853-இல் லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளரானார்.

அடுத்த ஆண்டு கிரிமியப் போர் அவரை வரலாற்றுக்குள் இழுத்தது. காயமுற்ற வீரர்கள் கவனிப்பாரின்றி மடிவதை டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டபோது இங்கிலாந்து கொதித்தெழுந்தது. போர்த் துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட் வேண்டியதற்கிணங்க 38 பெண்களுடன் புறப்பட்ட நைட்டிங்கேல், 1854 நவம்பர் 4-ஆம் தேதி துருக்கியின் ஸ்கூட்டாரி படைமுகாம் மருத்துவமனையை அடைந்தார். மருத்துவர்கள் அவர்களை வரவேற்கவில்லை. மருத்துவர் அழைக்காமல் எவரும் நோயாளரைத் தொடக்கூடாது என்று நைட்டிங்கேலே தம் குழுவுக்கு ஆணையிட்டார். அதற்குள் காயமுற்றோர் கப்பல் கப்பலாக வந்து குவியத் தொடங்கவே, அழைப்பு தானாக வந்தது.

அங்கே அவர் செய்த முதல் வேலைகள் விளக்கேந்தி நடந்தவை அல்ல. தரையைத் தேய்க்கும் தூரிகைகள், சட்டைகள், துண்டுகள், கிண்ணங்கள் ஆகியவற்றை வாங்கினார். சலவைக்கூடம் அமைத்தார். நோயாளருக்கு ஏற்ற உணவு உரிய நேரத்தில் கிடைக்கச் செய்தார். ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில், அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் என்ற விகிதத்தில் இறந்தனர். காயத்தைவிட வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் காலராவுமே அதிகம் பேரைக் கொன்றன. அந்த மாபெரும் கட்டடம் அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்களின் மேல் நின்றுகொண்டிருந்தது.

மார்ச் மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு கால்வாய்களைச் சுத்தப்படுத்தியது. செத்த விலங்குகளை அகற்றியது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. சில மாதங்களில் இறப்பு விகிதம் பெருமளவு சரிந்தது.

1856-இல் நாடு திரும்பியபோது அவர் தேசிய நாயகி. ஆனால், வரவேற்பு விழாக்களைத் தவிர்த்துவிட்டு, புள்ளியியல் அறிஞர் வில்லியம் பாருடன் அமர்ந்து இறப்புக் கணக்கை ஆராயத் தொடங்கினார். முதலில், உணவின்மையும் கடும் உழைப்பும் வீரர்களைக் கொன்றதாகவே அவர் எண்ணியிருந்தார். கணக்கு வேறு கதை சொன்னது. சுகாதாரக் கேடே முதன்மைக் கொலையாளி. தாம் இரவும் பகலும் காத்து நின்ற கூடங்களே பலருக்கு எமனாயின. தம் புகழின் அடித்தளத்தையே அசைக்கும் இந்த உண்மையை அவர் மூடி மறைக்கவில்லை. வட்ட வடிவில் வண்ணப் பட்டைகளாக வரைந்து, போரில் மாண்டோரில் பெரும்பாலோர் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டனர் என்பதை ஆட்சியாளர்களுக்குப் புரியவைத்தார். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

செவிலியக் கல்வியின் அடித்தளம் இங்கேதான் இடப்பட்டது. 1859-இல் அவர் எழுதிய செவிலியக் குறிப்புகள் என்னும் நூல் மருந்துகளைப் பற்றியதன்று. தூய காற்று, தூய நீர், வெளிச்சம், அமைதி, வடிகால், உணவு ஆகியவற்றை முறைப்படுத்தி, உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ள ஏற்ற சூழலை அமைப்பதே செவிலியம் என்று அது விளக்கியது. நோயாளர் நன்றாக உறங்கினாரா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எத்தனை மணி நேரம் உறங்கினார், எப்போது விழித்தார் என்று கேட்க வேண்டும். உணவு கொடுக்கப்பட்டது என்பது தகவல் அன்று. எவ்வளவு உண்டார் என்பதே தகவல். இன்றும் முதலாண்டு மாணவி கற்கும் உற்றுநோக்கலின் வேர் இதுதான்.

மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் 15 பேர். ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகை, தனி அறை, மாதந்தோறும் மதிப்பீட்டுப் பதிவேடு எனத் திட்டம் தெளிவாக இருந்தது. ஆனால், 1870-களின் தொடக்கத்தில் உள்ளே நுணுகிப் பார்த்தபோது, பாடங்கள் ஒழுங்காக நடைபெறாததும், பயிற்சிக்கு வந்தவர்கள் மலிவான வேலையாட்களாகப் பயன்படுத்தப்பட்டதும் தெரியவந்தன. தம் பெயர் தாங்கிய பள்ளியாயிற்றே என்று அவர் வாளாவிருக்கவில்லை. விரிவுரைக்குப் புதிய மருத்துவரையும், மாணவியரின் படிப்பைக் கவனிக்கத் தனி ஆசிரியையையும் அமர்த்தச் செய்தார். அங்கே பயின்றவர்கள் சிட்னி முதல் பல நகரங்களுக்கும் சென்று இப்பணியைப் பரப்பினர்.

இந்தியாவில் கால் வைக்காமலே இந்தியாவுக்காக உழைத்தவர் அவர். இங்கிருந்த ஆங்கிலேயப் படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்ததை 1863-இல் வெளியான அரச ஆணைய அறிக்கை வெளிப்படுத்தியது. அதன் பின்னணியில் இருந்தது அவரது உழைப்பு. படைவீரரின் நலனை ஊர் மக்களின் நலனிலிருந்து பிரிக்க முடியாது என்று உணர்ந்ததும் அவர் பார்வை கிராமங்களுக்குத் திரும்பியது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களுக்கு ஆதரவாக எழுதினார்.

அவரிடமும் பிழைகள் இருந்தன. நோய்க்குக் கிருமிகளே காரணம் என்பதை ஏற்கத் தயங்கினார். செவிலியரை அரசு பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையைக் கடுமையாக எதிர்த்தார். தேர்வும் பட்டியலும் ஒருவரின் பண்பை அளக்க மாட்டா என்பது அவர் வாதம். வரலாறு அதை ஏற்கவில்லை. 1919-இல் பிரிட்டனும், 1926-இல் சென்னை மாகாணமும் செவிலியர் பதிவுச் சட்டம் இயற்றின. பதிவு இல்லாமல் தொழிலுக்குப் பாதுகாப்பில்லை என்பது இன்று தெளிவு. எனினும், சான்றிதழ் மட்டும் போதாது என்ற அவர் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது.

நெடுங்காலம் நோயுற்றுப் படுக்கையிலிருந்தபடியே பணியாற்றிய நைட்டிங்கேல், 1910 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, 90-ஆவது வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தினர் மறுத்துவிட்டனர். ஹாம்ப்ஷயரில் சிற்றூர்த் தேவாலயத்தின் குடும்பக் கல்லறையில் அவர் அடக்கமானார்.

அவர் பிறந்த மே 12-ஐ உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று தியாகச் சுடர்கள் என்று செவிலியரைப் புகழ்கிறோம்; மறுநாள் அளவுக்கு மீறிய நோயாளர்களை ஒரே செவிலியரிடம் ஒப்படைக்கிறோம். நிரந்தரப் பணி கோரி தொகுப்பூதியச் செவிலியர்கள் வீதிக்கு வந்தால் சேவை மனப்பான்மையை நினைவூட்டுகிறோம். இரவுப் பணியில் ஒரு செவிலியர் பதிவேட்டில் எழுதும் குறிப்பு மருத்துவ முடிவுகளில் உரிய இடம் பெறுகிறதா? கூடத்தின் கழிப்பறையும் காற்றோட்டமும் சரியில்லை என்று அவர் சொன்னால் நிர்வாகம் செவிசாய்க்கிறதா? நைட்டிங்கேலைப் போற்றும் நாட்டில் முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் இவை. அடுத்த ஆண்டு விளக்கேற்றும் மாணவியின் மற்றொரு கையில் ஒரு கணக்கேட்டையும், அதைப் பயன்படுத்தும் அதிகாரத்தையும் கொடுப்பதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.