எடித் கிளார்க்

உயர்தரத்தில் நான் கணிதப் பிரிவைத் தெரிவுசெய்தபோது, மின்கம்பிகளோடு பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று மாமி கேட்டார். எனக்கு அன்று பதில் வரவில்லை. எடித் கிளார்க்கைப் பற்றி அப்போது நான் வாசித்திருக்கவில்லை.

1883இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். அவர்கள் விட்டுச்சென்ற பணத்தில் வாசர் கல்லூரியில் கணிதமும் வானியலும் படித்து 1908இல் பட்டம் பெற்றார். சில காலம் கற்பித்தார். பின்பு ஒரு தொலைபேசி நிறுவனத்தில் கணிப்பாளர் ஆனார். அக்காலத்தில் பொறியியலாளர்களுக்காக நாள் முழுதும் கணக்குப் போடுவது இயந்திரமல்ல, மனிதர்கள்; அநேகமாகப் பெண்கள்.

1919இல் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் முதுமாணிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. ஆனாலும் பொறியியலாளர் வேலை கிடைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் கணிப்பாளர்களை மேற்பார்வை செய்யும் வேலையைத்தான் கொடுத்தது. நீண்ட மின்தொடர்களுக்கான கணக்குகளைப் பத்து மடங்கு விரைவாகச் செய்யும் வரைபடக் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். அதற்குப் பின்னும் பதவி மாறவில்லை. 1921இல் வேலையை விட்டுவிட்டு, இன்று இஸ்தான்பூல் எனப்படும் நகரின் பெண்கள் கல்லூரிக்குப் பௌதிகவியல் கற்பிக்கப் போய்விட்டார். மறுவருடம் திரும்பியபோது அதே நிறுவனம் அவரைப் பொறியியலாளராக ஏற்றுக்கொண்டது. போகாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அவருடைய பெரிய வேலை மின்பழுதுகளைப் பற்றியது. மின்சாரம் மூன்று அவத்தைகளில் செல்கிறது. மூன்றும் சமநிலையில் இருக்கும்வரை கணக்கு இலகு. மரக்கிளை விழுந்து ஒரு கம்பி மட்டும் நிலத்தைத் தொட்டால் சமநிலை குலைந்து கணக்குச் சிக்கலாகிவிடும். குலைந்த நிலையைச் சமச்சீரான கூறுகளாகப் பிரிக்கலாம் என்று 1918இல் ஃபோர்டெஸ்கியூ காட்டியிருந்தார். அந்த முறையை வளர்த்து, பொறியியலாளர்கள் அன்றாடம் கையாளும் வகையில் 1943இல் நூலாக எழுதியவர் கிளார்க். அவர் பெயராலேயே வழங்கும் கூறுகளும் உண்டு. இன்று உபமின்நிலையங்களிலுள்ள ரிலேக்கள், பழுது எந்த அவத்தையில், எவ்வளவு தூரத்தில் என்று மனிதர் கைபடாமலே மதிப்பிட்டுக் கண நேரத்தில் அந்தப் பகுதியைத் துண்டிக்கின்றன. அவற்றினுள் ஓடுவது இந்த வழியில் வந்த கணிதம்தான்.

1947இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அமெரிக்காவின் முதல் பெண் மின்பொறியியல் பேராசிரியரானார். 1959இல் காலமானார்.

சென்ற மழையில் எங்கள் வீட்டில் கரண்ட் போய், மெழுகுதிரி தேடுமுன் திரும்பி வந்தது. அன்றுதான் மாமிக்கு இவரைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். தனியாகவா இஸ்தான்பூலுக்குப் போனார் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.