குன்னூரில் பெயர் நிலைத்த லூயி பாஸ்டர்

பெருந்தொற்றுக்குப் பின் 2021 செப்டம்பரில் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது, தடுப்பூசி போட்டாயிற்றா என்ற வினா மாணவரை வாயிலிலேயே எதிர்கொண்டது. சிலர் முகம் சுளித்தனர். நம் உடலுக்குப் போடும் ஊசியைக் கல்லூரி ஏன் வலியுறுத்த வேண்டும் எனவும் கேட்டனர். அவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு நம் குன்னூரிலேயே ஒரு பெயர் உண்டு. சிம்ஸ் பூங்காவை அடுத்துள்ள பாஸ்டர் நிலையம் தாங்கி நிற்கும் பெயர் அது.

லூயி பாஸ்டர் பிரான்சு நாட்டின் டோல் என்னும் ஊரில் 1822 டிசம்பர் 27ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுபவர். 1831இல் வெறிபிடித்த ஓநாய் ஒன்று அவர் வளர்ந்த அர்புவா பகுதியில் பலரைக் கடித்தது. கடியுண்டோரின் புண்ணைக் கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டனர். அன்று அதுவே மருத்துவம்.

பாஸ்டர் பயின்றது வேதியியல், மருத்துவர் அல்லர். நொதித்தலையும் பட்டுப்புழு நோயையும் ஆராய்ந்து புகழ் பெற்றார். இல்லத்திலோ துயரம் சூழ்ந்தது. டைபாய்டு காய்ச்சல் 1859இல் ஒரு மகளையும் 1866இல் மற்றொரு மகளையும் பறித்தது. அந்நோய்க்குத் தடுப்பூசி வந்தது 1896இல். அவர் மறைந்த மறு ஆண்டு. 1868இல் அவரது இடப்பக்கம் பக்கவாதத்தால் செயலிழந்தது. கோழிக் காலராவுக்கும், ஆடுமாடுகளின் அடைப்பான் நோய்க்கும், வெறிநாய்க்கடிக்கும் அவர் தடுப்பு மருந்து கண்டது அதன் பின்னரே என்பது நம்மை வியக்க வைக்கிறது.

1885 ஜூலை 6ஆம் நாள், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் அவரிடம் கொண்டுவரப்பட்டான். முயலின் தண்டுவடத்தை உலர்த்தி உருவாக்கிய மருந்தை மருத்துவர் கிரான்செர் பதின்மூன்று முறை செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். பாஸ்டர் போதிய முன்சோதனையின்றித் துணிந்தார் என்பதை அவரது குறிப்பேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்தோர் காட்டினர். இதனை மாணவரிடம் மறைத்தல் தகாது. அதே ஆண்டில், கடியுண்டு 37 நாள் கழித்து வந்த லூயிஸ் பெல்தியே என்னும் சிறுமியை அவரால் காக்க இயலவில்லை.

தடுப்பூசியின் வரலாறு ஐரோப்பாவில் மட்டும் தொடங்கியதன்று. அம்மைப் பாலை உடலில் ஏற்றிப் பெரியம்மையைத் தடுக்கும் வழக்கத்தை இங்கிலாந்து இஸ்தான்புல்லிடமிருந்தே கற்றது. 1886இல் உதுமானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, பாஸ்டருக்கு விருதும் நன்கொடையும் அளித்து, அவரிடம் பயில ஒரு குழுவையும் அனுப்பினார். மறு ஆண்டே இஸ்தான்புல்லில் வெறிநாய்க்கடி சிகிச்சை நிலையம் எழுந்தது. நம் பெரியோர் இதனை நினைவிற் கொள்வர் என நம்புகிறோம்.

இந்தியாவில் 1900இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் அமைந்தது. தென்னாட்டவர்க்கு இமயமலைச் சாரல் எளிதில் எட்டுமா? நாட்கள் கடந்தால் நோய் முந்திவிடும். 1902இல் குன்னூரிலேயே ஓர் ஆங்கிலப் பெண்மணி இந்நோயால் மாண்டார். 1907இல், ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் வழங்கிய நிதியின் துணையால் இங்கும் நிலையம் உருவாயிற்று. பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்தும், தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு நோய்களுக்கான முத்தடுப்பு ஊசியும் இங்கே உருவாயின.

வெறிநாய்க்கடி ஊசி கடியுண்டவரைக் காக்கும். தொற்றுநோய் ஊசியோ பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்காரரையும் சேர்த்துக் காக்கிறது. விடுதியில் ஒரே கூரையின்கீழ் உறங்குவோரிடம் கல்லூரி அன்று சான்று கேட்டது இதனால்தான். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியின்றி நம்மவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட இயலாமைக்கும் இதுவே காரணம். அதனை நாம் குறை கூறுவதில்லையே!

1895 செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். அந்நாள் இன்று உலக வெறிநோய் தடுப்பு நாள். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை மூத்தோர் மறந்திரார். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அம்மருந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. இப்போது கையிலேயே சில ஊசிகள் போதும். நாய் கடித்தால் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.