பசுக்கள் அறிந்த பிள்ளை: சண்டேசுவர நாயனார்

சிவாலயத்தை வலம் வரும்போது, அபிஷேக நீர் வழிந்தோடும் கோமுகிக்கு அருகே, சிறு சந்நிதியில் நாம் காண்பவர் சண்டேசுவர நாயனார். கைகளை மெல்லத் தட்டி, கோயில் பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று அவருக்குக் காட்டி விடைபெறுகிறோம். இந்தக் காவல் அவருக்கு எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், பசுக்களிலிருந்தே நாம் தொடங்க வேண்டும்.

சோழநாட்டில் மண்ணியாற்றங்கரைத் திருச்சேய்ஞலூரில் எச்சதத்தரின் மகனாகப் பிறந்தவர் விசாரசருமர். ஒருநாள், தன்னை முட்டிய ஈன்ற பசுவை ஆயன் ஒருவன் கோலால் அடித்தான். மனம் பொறாத சிறுவர் அவனைத் தடுத்து, ஊர்ப் பசுக்களை மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார்.

அடி படாத பசுக்கள் செழித்தன. அவரைக் கண்டதும் கனைத்து வந்து, கறவாமலே பால் சொரிந்தன. ஆத்தி மரத்தடியில் மணலால் சிவலிங்கம் அமைத்து, அந்தப் பாலால் அபிஷேகம் செய்தார். வீடுகளுக்குரிய பாலும் குறையவில்லை. ஆயினும், பாலை மணலில் கொட்டுகிறார் என்று ஊரார் தந்தையிடம் முறையிட்டனர். மறைந்திருந்து பார்த்த தந்தை மகனை அடித்தார். பூசையில் ஒன்றிய பிள்ளை அதை உணரவில்லை. தந்தை பாற்குடத்தைக் காலால் இடறினார். மகன் எடுத்த கோல் மழுவாகி அந்தக் கால்களைத் துணித்தது.

நெஞ்சு நடுங்கும் இடம் இது. இறைவன் உமையோடு தோன்றி, தாமே அவருக்குத் தந்தையாகி, கொன்றை மாலை சூட்டிச் சண்டீசப் பதவி அளித்தார். எச்சதத்தரும் பிழை நீங்கிச் சிவலோகம் சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம்.

முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில், சிவபெருமான் அவர் தலையில் மாலை சுற்றும் காட்சியை இன்றும் காணலாம். லிங்கத்தின்மேல் பசு தானே பால் சொரியும் சிற்பத்தையோ பல கோயில் தூண்களில் காண்கிறோம். சைவ சித்தாந்தத்தில் பசு என்றால் உயிர். அந்த வகையில், கேளாமலே சுரக்கும் அந்தப் பால் இறைவனிடம் உயிர் கொள்ளும் அன்பு எனலாம். கோமுகி என்ற சொல்லுக்கும் பசுமுகம் என்பதே பொருள்.

சோழர் காலத்தில் கோயில் நிலங்களின் கொடுக்கல் வாங்கல்கள் சண்டேசுவரர் பெயராலேயே நடந்தன. ஊரார் பாலை வீணாக்கினார் என்று பழி சுமந்த பிள்ளையே கோயில் சொத்து அனைத்துக்கும் காவலரானார். அவர் கை சுத்தம் என்பதை முதலில் அறிந்தவை வாயில்லாப் பசுக்கள்.

அடுத்த முறை அவர் சந்நிதியில் கை தட்டும்போது, அந்தப் பசுக்களைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.