பிரமாணம் காட்டிய பெருந்தகை ஸ்ரீ வேதாந்த தேசிகன்

காஞ்சி மாநகரைச் சார்ந்த தூப்புலில், 1268ஆம் ஆண்டு, விபவ வருஷம் புரட்டாசித் திருவோணத் திருநாளில், அனந்தஸூரியார்க்கும் தோதாரம்பைக்கும் திருக்குமாரராய் அவதரித்தவர் வேங்கடநாதர். தாய்மாமனாகிய கிடாம்பி அப்புள்ளாரிடம் பயின்று, இருபது பிராயத்துக்குள் சகல சாஸ்திரங்களிலும் கரைகண்டார். ஸ்ரீ வேதாந்த தேசிகன் என்று உலகம் போற்றுவது இம்மகானையே.

பின்னர் கெடில நதிக்கரையிலுள்ள திருவஹீந்திரபுரத்தில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார். சங்கராபுரத்துக்குக் கிழக்கே, முதலாழ்வார் மூவரும் இடைகழியில் கூடிய திருக்கோவலூரையும் ஸேவித்து, ஆயனார் மீது தேஹளீச ஸ்துதி அருளிச்செய்தார். கவிதார்க்கிக ஸிம்ஹம் என்ற விருதுக்கேற்ப, கவியாகவும் தர்க்கத்தில் வல்லவராகவும் விளங்கினார்.

தர்க்கநெறியைப் பற்றி அவர் இயற்றிய நூல் நியாய பரிசுத்தி. காட்சி, அனுமானம், சப்தம் ஆகிய மூன்றுமே பிரமாணங்கள் என்பதும், ஒவ்வொன்றும் தனக்குரிய எல்லையிலேயே சான்றாகும் என்பதும் அவர் நிலைநாட்டிய உண்மைகள்.

சங்கராபுரத்திலிருந்து மேற்கே தோன்றும் கல்வராயன் மலையைக் கொண்டே இதனை விளக்கலாம். மலையில் நெருப்புண்டு என்பது துணிய வேண்டிய பொருள்; புகை காண்பது ஏது; அடுப்பங்கரை உதாரணம். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ள இடமே என்னும் மாறாத தொடர்பே இம்மூன்றையும் பிணைப்பது. காலைப் பனிமூட்டத்தைப் புகையென்று மயங்கினால் ஏதுவே இல்லாது ஒழியும். நெருப்பு இருப்பதால் புகையும் இருக்கும் என்று திருப்பிச் சொன்னாலும் பிழையே. கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகை இல்லை. ஈரவிறகு சேர்ந்தாலன்றோ புகை எழும்! ஆகவே ஒரு வாதத்தில் துணிவு எது, சான்று எது, இரண்டையும் இணைக்கும் விதி எது என்று பகுத்தறிதலே முதற்படி. இத்தனை உறுப்புகளைச் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கேட்போரின் மதிக்கேற்ப விரிக்கலாம், சுருக்கலாம் என்பது தேசிகனின் கொள்கை.

தமக்கு உகந்த முடிவாயினும், போதாத சான்றை அவர் ஏற்றதில்லை. குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல் உலகத்துக்கும் கர்த்தா ஒருவன் உண்டு என்று அனுமானத்தால் மட்டுமே ஈசுவரனை நிறுவலாம் என்பர் நையாயிகர். எம்பெருமானையே தஞ்சமாகப் பற்றிய தேசிகன், உடையவரின் ஸ்ரீபாஷ்ய வழிநின்று இதனை மறுத்தார். குயவனுக்கு உடலும் கருவியும் வேண்டும். மாளிகையைப் பலர் கூடியும் எழுப்புவர். இத்தகைய உதாரணங்களால் ஒருவனே, குறையொன்றுமில்லாதவனே படைத்தான் என்று தேறுமோ? புலன்களுக்கும் அனுமானத்துக்கும் எட்டாத பரம்பொருளை அறிவிக்க வேதமே பிரமாணம். தர்க்கம் அதன் பொருளைத் தெளிவிக்கும் துணை என்பது அவர் துணிபு.

சான்றைக் காக்கும் கடமையும் அவர்க்கு வாய்த்தது. 1323ஆம் ஆண்டு டில்லிப் படை திருவரங்கத்தைச் சூறையாடியபோது, ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையாகிய ச்ருதப்பிரகாசிகையையும் தம் இளங்குமாரர் இருவரையும் சுதர்சன பட்டர் இவரிடம் ஒப்படைத்தார் என்றும், பிணக்குவியலிடையே இரவெல்லாம் மறைந்திருந்து, சுவடியையும் சிறுவரையும் காத்துக் கன்னட தேசம் சேர்ந்தார் என்றும் குருபரம்பரை கூறும். ஓலைகள் அன்று அழிந்திருப்பின், பின்வந்தோர் பொருளாராயத் துணையாக எதனைக் கொண்டிருப்பர்!

பிறமதங்களை ஆராயும் சததூஷணி, பரமதபங்கம் முதலிய நூல்களிலும் எதிர்வாதியின் கட்சியை முன்வைத்து, அவர் காட்டும் சான்று எவ்விடத்தில் தளர்கிறது என்று நுணுகிக் காட்டியபின்னரே மறுப்புரைப்பது அவர் வழக்கம். சததூஷணியில் இன்று கிடைப்பவை 66 வாதங்கள். 1369ஆம் ஆண்டு திருநாடு அலங்கரித்தார்.

உத்ஸவம் ஸேவிக்க வரும் அடியார்கள், கேட்பதனைத்தையும் நம்பாமலும், நம்பத் தக்கதைத் தள்ளாமலும், பிரமாணம் எதுவெனத் தேர்ந்து நடப்பதே அம்மகான் திருவுள்ளம் உகக்கும் கைங்கரியமாகும்.