செங்கோட்டை மர மில்லுக்கும் பாரிஸுக்கும் என்ன தொடர்பு? அளவுகளைக் காத்த கே.எஸ்.கிருஷ்ணனின் கதை

செங்கோட்டையில் ஒரு மர மில்லில் பேரிங் போயிடுச்சுன்னு வைங்க. கடையில் நம்பரைச் சொன்னால் போதும், புதுசு கிடைச்சிடும். அது ஜப்பானில் செய்ததா, புனேயில் செய்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஷாஃப்டில் கச்சிதமாக உட்காரும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடக்குறைய இருந்தாலே சிக்கல்தான்.

இது எப்படி நடக்குது? எல்லா நாட்டிலும் மில்லிமீட்டர் ஒரே மில்லிமீட்டராக இருப்பதால்தான். இந்தியாவில் அதற்கு அடித்தளம் போட்ட ஆய்வகத்தின் முதல் இயக்குநர், பொதிகை எக்ஸ்பிரஸ் போகிற வழியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு படித்தவர்.

யார் இந்த கிருஷ்ணன்?

1898 டிசம்பர் 4-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்துவிட்டு, கல்கத்தாவில் சி.வி.ராமனிடம் போய்ச் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனா சுவாரஸ்யமே இதுக்கு அப்புறம்தான்.

டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும் அவர் படிகங்களின் காந்த குணத்தை அளந்தார். மெல்லிய இழையில் ஒரு சின்னப் படிகத்தைக் கட்டி, காந்தத்துக்கு நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். எத்தனை டிகிரி முறுக்கியபோது திரும்பியது என்பதை வைத்தே, அதன் காந்த குணம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போட்டார். ரொம்ப எளிய கருவி, அபாரமான துல்லியம்! 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

எண் 57

1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநரானார். (தேர்தலில் விரலில் வைக்கிற மை பின்னாளில் உருவானதும் இதே ஆய்வகத்தில்தான்.) நாட்டின் அளவுகளைக் காப்பது இதன் முக்கியமான வேலை.

அன்றைக்கு நிலைமை என்ன? சந்தையில் படி, வீசை, ராத்தல், துலாம் என்று ஊருக்கு ஒரு கணக்கு. திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பரில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டில்தான் மெட்ரிக் முறைக்கான எடை, அளவுச் சட்டமும் வந்தது. 1957-ல் சர்வதேச மீட்டர் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது.

இங்கேதான் பாரிஸ் வருது. உலகத்துக்கே மூலமான கிலோகிராம், பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரே என்ற ஊரில் இருந்தது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த, உள்ளங்கையில் அடங்கும் உருளை அது. உறுப்பு நாடுகளுக்கு அதன் நகல்கள் தரப்பட்டன. இந்தியாவுக்கு வந்தது எண் 57. நகல் கிடைத்தால் மட்டும் போதாது. அவ்வப்போது திரும்பக் கொண்டுபோய் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கணும். எந்த நாடும் தனியாக உட்கார்ந்து தன்னுடைய கிலோ சரிதான் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நீளத்துக்கும் இதே கதைதான். 1960-ல் மீட்டருக்கான இலக்கணம் உலோகக் கம்பியில் இருந்து கிரிப்டான் ஒளியின் அலைநீளத்துக்கு மாறியது. தேசிய ஆய்வகத்தின் அளவை வைத்து அளவுத்திருத்த மையங்களின் கருவிகள் சரிபார்க்கப்படும். அவற்றை வைத்து தொழிற்சாலைகளின் ஸ்லிப் கேஜ், மைக்ரோமீட்டர் சரிபார்க்கப்படும். அந்த மைக்ரோமீட்டரில் தேறிய பிறகுதான் பேரிங் வெளியே வரும்.

முதலாவது பட்நாகர் விருது 1958-ல் கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. இயக்குநராக இருக்கும்போதே 1961 ஜூன் 14-ல் காலமானார். 2019 மே 20 முதல் கிலோகிராமுக்கும் உருளை தேவையில்லை, பிளாங்க் மாறிலியே போதும் என்றாகிவிட்டது. எண் 57 இன்னமும் டெல்லி ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது.